எரிவது தொடை, ஸ்கேன் எடுத்தது முதுகுக்கு

கேள்வி: எனக்கு வயது 43. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது மணி வரை நின்றபடிதான் வேலை. ஏழு மாதமாக வலது தொடையின் வெளிப்பக்கம் மிளகாய்ப்பொடி தடவியதுபோல எரிகிறது. சில நேரம் மரத்துப்போகிறது. கிள்ளினால் தெரியவில்லை, ஆனால் சேலை உரசினால் சுரீரென்கிறது. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் குறைகிறது, எழுந்து நின்றால் மறுபடி வந்துவிடுகிறது. இரவில் காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. ஐந்து வருடமாகச் சுகர் இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சராசரி கடைசியாக 8.9 வந்தது. உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, எல்4-எல்5-இல் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தார்கள். பெல்ட் போட்ட பிறகு எரிச்சல் கூடிவிட்டது. நரம்பு ஊசி ஒரு கோர்ஸ் போட்டாயிற்று. ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் வராமல் போய்விடும் என்கிறார் ஒருவர். இது பக்கவாதத்துக்கு அறிகுறி என்கிறார் மாமியார். வேலையை விடவும் முடியாது. நான் என்ன செய்வது?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் அந்தப் பக்கவாதப் பயத்தை இறக்கி வையுங்கள். பக்கவாதம் மூளையில் ரத்த ஓட்டம் தடைபடுவதாலோ ரத்தக் கசிவாலோ வருவது. முகம் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று பலம் இழக்கும். அதெல்லாம் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் நடந்துவிடும். தொடையில் ஒரே இடத்தில் ஏழு மாதமாக எரிந்துகொண்டிருப்பதும், உட்கார்ந்தால் அடங்குவதும், நின்றால் திரும்புவதும் மூளையின் வேலையாக இருக்க வழியில்லை. சுகர் இருப்பதால் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது வேறு கணக்கு, இந்த எரிச்சலோடு சேர்த்துப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று வரிகள் எனக்கு ஏறக்குறைய முழுக் கதையையும் சொல்லிவிட்டன. உட்கார்ந்தால் குறைகிறது. தொடையின் வெளிப்பக்கம் மட்டும். பெல்ட் போட்ட பிறகு கூடியது. இம்மூன்றும் சேர்ந்து வந்தால், தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் நரம்பு இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் அழுந்துகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இதற்கு மெரால்ஜியா பாரஸ்தெட்டிக்கா என்று பெயர். பெயர் நீளமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து இல்லாத, காலை முடக்காத, பெரும்பாலும் கத்தியின்றியே சரியாகிவிடுகிற தொந்தரவு இது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லும் உரிமை எனக்கில்லை. எதைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும், அதுவரை என்ன செய்யலாம் என்பதைத் தெளிவாகவே சொல்லிவிட முடியும்.

உங்கள் வலது கையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் விரல்களுக்கு ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். இடுப்பெலும்பின் முன் முனை அதுதான். அங்கிருந்து தொடை இடுக்கின் வழியாக அந்தரங்க எலும்பு வரை சாய்வாக ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. நான் சொல்லும் நரம்பு முதுகுத் தண்டிலிருந்து, எல்2, எல்3 என்ற இரண்டு வேர்களில் பிறந்து, இடுப்புக் குழிக்குள் பக்கவாட்டில் நடந்து வந்து, அந்த எலும்பு முண்டுக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, நார்ப்பட்டைக்கு அடியில் நுழைந்து தொடைக்குள் இறங்குகிறது. சிலருக்கு அந்தப் பட்டையின் நடுவிலேயே துளைத்துக்கொண்டு போகும். சிலருக்கு எலும்பின் மேலேயே ஏறிப் போகும். ஆளுக்கு ஆள் பாதை மாறும். எப்படிப் போனாலும் அந்த இடத்தில் நரம்பு சட்டென்று கீழ்நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. அதன் மேலே சதை மெல்லிசு, பாதுகாப்பு குறைவு. நீங்கள் பாவாடை நாடாவை எங்கே முடிச்சுப் போடுகிறீர்கள் என்று இப்போது விரலால் தொட்டுப் பாருங்கள்.

நிமிர்ந்து நிற்கும்போது தொடை பின்னோக்கி நேராகிறது. நரம்பு அந்தத் திருப்பத்தில் இழுபட்டு நார்ப்பட்டையோடு அழுந்துகிறது. உட்கார்ந்தால் இடுப்பு மடங்குகிறது, நரம்பு தளர்கிறது. இரவில் காலை நீட்டி மல்லாந்து படுப்பதும் நிற்பதைப் போன்ற நிலைதான்; அதனால்தான் நீட்ட முடியவில்லை. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துப் படுத்துப் பாருங்கள். இன்றிரவே வித்தியாசம் தெரியலாம்.

இன்னொரு முக்கியமான சங்கதி. இந்த நரம்பு தோலின் உணர்ச்சிக்கு மட்டுமே ஆனது. ஒரு தசையைக்கூட இது இயக்குவதில்லை. ஆகவே இது எத்தனை அழுந்தினாலும் கால் வராமல் போகாது. உங்களைப் பயமுறுத்தியவரின் பேச்சு இந்த நரம்புக்குப் பொருந்தவே பொருந்தாது.

இனி அந்த ஸ்கேன். உங்கள் முதுகில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு, பிதுங்கியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இருபது வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், நாற்பது வயதினரில் சுமார் பாதிப்பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. வயதானால் முடி நரைப்பதைப்போல நடக்கும் மாற்றம் அது. அது ஸ்கேனில் இருப்பதாலேயே உங்கள் தொடை எரிச்சலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

அதுவும் எல்4-எல்5 டிஸ்க் நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எல்5 என்ற வேர். அதன் வலி பிட்டத்தில் தொடங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம் கட்டைவிரல் வரை போகும். கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். இருமினால், குனிந்தால், பெரும்பாலும் உட்கார்ந்தால் கூடும். உங்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்றுதான் கடிதத்திலிருந்து புரிகிறது. உட்கார்ந்தாலோ குறைகிறது. நோயாளி சொல்வதும் படத்தில் தெரிவதும் ஒத்துப்போகாதபோது நான் நோயாளி சொல்வதன் பக்கம்தான் நிற்பேன். இந்த எரிச்சலுக்காக முதுகில் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், செய்துகொள்ளும் முன் கட்டாயம் இன்னொரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தேவையில்லாத முதுகு ஆபரேஷனைச் செய்துகொண்டு, தொடை எரிச்சல் அப்படியே இருக்கத் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது ஆறுவதில்லை.

வீட்டில் நீங்களே ஒன்று செய்யலாம். ஓய்வாக உட்கார்ந்து, கொஞ்சம் பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கிக்கொள்ளுங்கள். தொடையின் முன்பக்க நடுவில், உணர்ச்சி நன்றாக இருக்கும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பஞ்சு தொடுவது மாறித் தெரிகிறதோ, அதாவது மந்தமாகவோ, கூச்சமாகவோ, எரிச்சலாகவோ, அங்கே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மேலிருந்து, கீழிருந்து, பின்னாலிருந்து என்று எல்லாத் திசையிலிருந்தும் இப்படி வந்து புள்ளிகளைச் சேருங்கள். நீள்வட்டமாக ஒரு கோடு கிடைக்கும். பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டால் உள்ளங்கை படுகிற இடம் என்று சொன்னால் சுலபமாகப் புரியும். சிலருக்கு உள்ளங்கை அளவு, சிலருக்கு முழங்காலுக்குச் சற்று மேல் வரை. உள்தொடைக்குப் போகாது, முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கு இறங்காது. அந்தக் கோட்டை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் ஸ்கேன் ஃபிலிமை நீட்டும் முன் இந்தப் படத்தைக் காட்டுங்கள். என் அறைக்கு வருகிறவர்களிடம் பேனாவைக் கொடுத்து, "எரியுற இடத்தை நீங்களே சுத்தி வரைஞ்சு காட்டுங்கம்மா" என்றுதான் சொல்வேன். பாதி நோய் அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும்.

அப்படியே கண்ணாடி முன் நின்று இடுப்பைப் பாருங்கள். வருடக்கணக்காக நாடாவை இறுக்கிக் கட்டிய பெண்களின் இடுப்பில் சுற்றிலும் கருமையாக, சற்றுத் தடித்து, பள்ளம் விழுந்த தடம் ஒன்று இருக்கும். அந்தத் தடம் முன்னெலும்பு முண்டின் மேலேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ போகிறதென்றால், காரணம் கையிலேயே கிடைத்த மாதிரி. இடுப்புக்குக் கொடுத்த பெல்ட்டின் கீழ் விளிம்பும் உட்கார்ந்து எழும்போது அங்கேதான் வந்து அழுத்தும்.

இறுக்கமான இடுப்புக் கட்டுக்கும் இந்த நோய்க்கும் உறவு பழையது. 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட்டும் ரஷ்ய மருத்துவர் ரோத்தும் இதை விரிவாக எழுதினார்கள். ரோத் இதைக் கண்டது இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிய குதிரை வீரர்களிடம். அதே ஆண்டு சிக்மண்ட் ஃபிராய்டு, மனநல ஆய்வால் புகழ்பெறும் முன்பு நரம்பியல் மருத்துவராக இருந்தவர், தன் தொடையிலேயே இந்த உணர்ச்சிக் கோளாறு இருப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று இடுப்பில் கருவிகளைச் சுமக்கும் போலீஸ்காரர்கள், தாழ்ந்த இடுப்பு ஜீன்ஸ் அணியும் கல்லூரிப் பிள்ளைகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், வயிறு முன்தள்ளிய ஆண்கள், வேறிடத்தில் ஒட்டுவதற்காக இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துண்டு எடுக்கப்பட்டவர்கள், குடலிறக்கத்துக்கோ இடுப்பு மூட்டுக்கோ ஆபரேஷன் ஆனவர்கள் என்று பலரிடம் பார்க்கிறோம். கொரோனா காலத்தில் ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களுக்கும் வந்தது.

சுகருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தின் மக்களை வைத்துச் செய்த ஆய்வில், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகமாக வந்தது தெரிந்தது. சர்க்கரையால் ஏற்கெனவே வாடிப்போன நரம்பு, மற்றவர் தாங்கிக்கொள்ளும் சிறு அழுத்தத்தைக்கூடத் தாங்காது. எனவே உங்களுக்கு நாடா, பெல்ட், நிற்கும் வேலை, எடை, சுகர் ஐந்தும் சேர்ந்திருக்கின்றன. ஐந்தையும் ஒரே நாளில் சரிசெய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டை இன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் முதுகெலும்பு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. பாவாடையின் நாடாவை உருவிவிட்டு, நான்கு விரல் அகலமுள்ள பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முன்னால் கொக்கியோ, தளர்ந்து கொடுக்கும் எலாஸ்டிக்கோ இருக்கட்டும். கட்டும் இடத்தையும் எலும்பு முண்டுக்கு மேலே, தொப்புள் மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கட்டிய பிறகு உள்ளே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். சேலை நழுவிவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கொசுவத்தில் கூடுதலாக ஒரு பின் குத்திக்கொள்ளுங்கள். இப்போது பாவாடைக்குப் பதிலாக உடம்பைப் பிடித்தாற்போல் ஷேப்வேர் என்று விற்கிறார்கள். உங்கள் கடையிலேயே இருக்கும். அது உங்களுக்கு வேண்டவே வேண்டாம். இடுப்பில் சுருக்குப்பை, சாவிக்கொத்து, மொபைல் எதையும் செருகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நைட்டிக்கு மாறிவிடுங்கள்.

கடையில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் நடப்பதைவிட மோசம். மேசைக்கு அடியில் அரையடி உயரத்தில் ஒரு சிறு பலகையோ பெட்டியோ வைத்துக்கொண்டு வலது காலை அதன்மேல் வைத்து நின்றால் இடுப்பு சற்று மடங்கி நரம்பு தளரும். கொஞ்ச நேரம் கழித்து மற்றக் காலை மாற்றுங்கள். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காருங்கள். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எண்ணெய் தடவுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டில் யாராவது செய்துகொண்டிருப்பார்கள் என்பது நிச்சயம். மேலாகத் தடவுவதில் பாதகமில்லை. இடுப்பெலும்புக்குப் பக்கத்திலும் தொடை இடுக்கிலும் கட்டைவிரலால் அழுத்தி நீவக் கூடாது. நசுங்கியிருக்கும் நரம்பை இன்னும் நசுக்குவதாகும். சுடுநீர்ப் பையும் வெந்நீர் ஒத்தடமும் உங்களுக்கு ஆபத்து. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. சுகர் உள்ளவர்களுக்கு அப்படி ஏற்பட்ட கொப்புளம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எரிச்சல் தாங்கவில்லை என்றால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் போடுங்கள், போதும். காலைப் பின்னால் இழுத்து நீட்டும் பயிற்சிகளை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். யோகாவில் புஜங்காசனம், வீரபத்ராசனம் போன்றவையும் அதில் சேரும்.

நரம்பு ஊசி என்று போட்டது பெரும்பாலும் வைட்டமின் பி12 ஆக இருக்கும். குறை இருந்தால் அது அருமையான மருந்து. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பும் உண்டு. ஆனால் குறை இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்க வேண்டும். அழுந்திக் கிடக்கும் நரம்பை ஊசி விடுவிக்காது. இனிமேல் போடும் முன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட சில வாரங்களுக்கு அளவு கூடுதலாகவே காட்டும் என்பதையும் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

8.9 என்பது நரம்புக்கு நல்ல எண்ணல்ல. ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவர உங்கள் சர்க்கரை மருத்துவரோடு பேசுங்கள். எடையும் அப்படித்தான். 155 செ.மீ. உயரத்துக்கு 74 கிலோ அதிகம். அதற்காக ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் பட்டினித் திட்டம் எதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு கிலோ இறங்கினாலே அடிவயிற்றின் பாரம் நார்ப்பட்டையைக் கீழே இழுப்பது குறையும், சுகரும் இறங்கும். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருபவரிடம் தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தவிர, வேகமாக எட்டிப்போட்டு நடப்பது இப்போது எரிச்சலைக் கூட்டவும் செய்யும். சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். கடையில் நாளுக்கு நாலு தடவை வரும் சர்க்கரை போட்ட டீயை நிறுத்துவதும், இரவு ஒன்பதரைக்கு மேல் சாப்பிடும் சோற்றைப் பாதியாக்குவதும் முதல் மாதத்துக்குப் போதும்.

மருத்துவரிடம் போகும்போது நரம்பியல் மருத்துவராகப் பாருங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவும் போதும். அவர் முழங்கால் தட்டுப் பரிசோதனை செய்வார், தொடைத் தசையின் பலத்தைப் பார்ப்பார். இரண்டும் சரியாக இருக்க வேண்டும். எலும்பு முண்டுக்கு உள்பக்கம் விரலால் தட்டினால் தொடையில் சுரீரென்று ஓடுகிறதா என்று பார்ப்பார். நல்ல சோதனை ஒன்று உண்டு: வலி இல்லாத பக்கமாக உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் இடுப்பெலும்பைக் கையால் கீழ்நோக்கி முக்கால் நிமிடம் அழுத்துவார்கள். நார்ப்பட்டை தளர்ந்து எரிச்சல் குறைந்தால், சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. இதற்குக் கருவியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் என்.சி.எஸ். சோதனையை இந்த நரம்பில் செய்வது கொஞ்சம் சிரமம். பருமனானவர்களுக்கு நன்றாக இருக்கும் பக்கத்தில்கூடச் சில சமயம் பதிவாகாது. அதனால் இரண்டு தொடையிலும் செய்து ஒப்பிட்டால்தான் அர்த்தம் உண்டு. அல்ட்ராசவுண்டில் நரம்பு வீங்கியிருப்பதை நேரடியாகவே பார்க்கலாம், பழகிய கை வேண்டும். நோய்க்குறிகள் தெளிவாக இருந்தால் இவை எதுவும் இல்லாமலேயே சிகிச்சையைத் தொடங்கலாம்.

மாத்திரைகளைப் பற்றி. கட்டைத் தளர்த்தி ஒரு மாதம் ஆகியும் எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின், டுலாக்ஸெடின் இவற்றில் ஒன்றைக் குறைந்த அளவில் தருவார்கள். இவை எரிச்சலைத் தணிக்கும், மரமரப்பை மாற்றாது. எரிச்சல் போன பிறகும் மரமரப்பு மாதக்கணக்கில் இருந்துவிட்டு மெதுவாகத்தான் விலகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். பிரிகாபலினும் கபாபென்டினும் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும். பிரிகாபலின் எடையையும் கூட்டக்கூடும் என்பதால் உங்களுக்கு அதை நான் முதலில் எழுத மாட்டேன். சிறுநீரகச் சோதனை பார்த்துவிட்டுத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு எரிச்சலுக்குப் பெரிதாக உதவாது. சுகர் உள்ளவர் மாதக்கணக்கில் அவற்றை விழுங்கினால் சிறுநீரகம்தான் பாதிக்கும்.

இதற்கும் அடங்காவிட்டால், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கலந்து ஊசி போடுவார்கள். ஊசி போட்டதும் எரிச்சல் போய்விட்டால் நோயும் உறுதியாகிவிடும். ஸ்டீராய்டு சில நாளைக்குச் சுகரை ஏற்றும். போடுபவரிடம் மறக்காமல் சொல்லி, அந்த வாரம் வீட்டிலேயே அளந்து பாருங்கள். கடைசி வழி ஆபரேஷன். நார்ப்பட்டையைத் தளர்த்தி நரம்பை விடுவிப்பது ஒரு முறை. நரம்பையே வெட்டிவிடுவது இன்னொன்று. எரிச்சல் போகும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாக மரத்துவிடும். எது மேல் என்று இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்த முறையான ஆய்வுகள் மிகக் குறைவு. பெரும்பான்மையோர் அதுவரை போக வேண்டியதே இல்லை. கட்டைத் தளர்த்தி, எடையையும் சுகரையும் கவனித்து, பொறுத்திருந்தாலே சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். ஏழு மாதமாக அழுந்திய நரம்பு என்பதால் நீங்கள் இரண்டு வாரத்தில் முடிவை எதிர்பார்க்க வேண்டாம். ஆறு வாரத்தில் எரிச்சல் குறையத் தொடங்கினால் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

நான் சொன்னதற்கு மாறாகச் சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்காதீர்கள். படி ஏறும்போது முழங்கால் மடிந்து விழப் பார்த்தால், அது தசைக்குப் போகும் நரம்பின் கோளாறு. தொடையில் கடும் வலியோடு தசை வற்றி, உடம்பும் இளைத்தால், சுகரால் வரும் வேறொரு நரம்பு நோய். எரியும் இடத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். கால் முழுவதும் வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ, இரு கால்களுக்கு நடுவே மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது முதுகுத் தண்டின் அவசரம்.

கடைசியாக, வேலை. விட வேண்டியதில்லை. ஆனால் உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் பேரில் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. நம் மாநிலத்திலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஒவ்வொரு கடையிலும் ஊழியர் அனைவருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார அது பயன்பட வேண்டும் என்கிறது அது. இருக்கையே போடாத கடைகள் இன்னும் இருக்கின்றன. போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள். நாள் முழுவதும் பெண்களை நிற்க வைத்து அவர்கள் கால்களைக் கெடுப்பது எனக்குக் கோபம் தரும் விஷயம். நீங்கள் தனியாக மேலாளரிடம் வாதாட வேண்டாம். உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதில் "ஓய்வு தேவை" என்று பொதுவாக எழுதினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: "இவர் தம் வழக்கமான வேலையைச் செய்யத் தகுதியுள்ளவர். தொடை நரம்பு அழுத்தம் காரணமாகத் தொடர்ந்து நிற்பதைத் தவிர்க்க வேண்டும். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது உட்காரவும், நிற்கும்போது கால் வைக்கச் சிறு பலகை வைத்துக்கொள்ளவும், இடுப்பில் இறுக்கமில்லாத சீருடை அணியவும் அனுமதிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை." இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கடையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மற்றொன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.